பென்ஸா, உயரமான பென்ஸா?

எழுதி ரொம்ப நாள் ஆச்சு. செமஸ்டர் முடிஞ்சு மூணு வாரம் வீட்டுல சும்மாதான் இருந்தேன், ஆனா உட்கார்ந்து எழுத மனசு வரலை. காரணம் கடைசியில சொல்றேன். இல்ல, நடுவிலேயே வந்துடும்.

வீட்டுல ஒரு பையன் மெக்கானிக்கல் படிச்சா மிக்ஸி ஓடலைன்னாலும் அவன்தான், போர்வெல் மோட்டார் தண்ணி எடுக்கலைன்னாலும் அவன்தான். அவன் தெர்மோடைனமிக்ஸ்ல ஒரு வருஷமா அரியர் வெச்சிருக்கான்ங்கிற விஷயம் யாருக்கும் ஞாபகம் இருக்காது (அம்மாவைத் தவிர). அப்படித்தான் அக்கா வீட்டுக் கார் பஞ்சாயத்தும் என்கிட்ட வந்து சேர்ந்தது.

மாமாவுக்குத் திருப்பூர்ல பனியன் கம்பெனி. வீடு கோயமுத்தூர். தினமும் அவினாசி ரோட்டுல போயிட்டு வர்றார். 2013-ல வாங்கின ஸ்விஃப்ட். பத்துப் பன்னிரண்டு வருஷமா அதே வண்டி. கூட தொழில் பண்றவங்க எல்லாம் பெரிய பெரிய வண்டியில வந்து இறங்க, இவர் மட்டும் ஸ்விஃப்ட்டை ஓரமா நிறுத்திட்டு உள்ளே போவார். இந்த வருஷம் ஆர்டர் நல்லா இருந்துச்சு, ஒரு இடமும் வித்துச்சு. "பென்ஸ் எடுத்துடலாம் மாப்ளே"ன்னு ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். அவர் மனசுல இருந்தது சி-கிளாஸ். தாழ்வா, நீளமா, பார்த்தாலே பென்ஸ்னு தெரியற வண்டி. அக்கா சாம்பார் கரண்டியைக் கீழே வெச்சுட்டு, "ரெண்டு குழந்தைங்களை வெச்சுக்கிட்டு அதுல எப்படிங்க? எடுக்கறதுன்னா எஸ்யூவி எடுங்க"ன்னா. அன்னைக்கு ஆரம்பிச்சது.

பாப்பாவுக்கு நாலரை வயசு. தம்பிப் பையனுக்கு ஒன்பது மாசம். ரெண்டுமே சிசேரியன். இந்தக் கடைசி வரி கார் வாங்கறதுக்கு என்ன சம்பந்தம்னு நானும் முதல்ல யோசிக்கலை.

எஸ்யூவின்னா எதுன்னு பார்த்தா, அதே கம்பெனியோட ஜி.எல்.சி. இங்கேதான் எனக்கு முதல் ஆச்சரியம். ரெண்டு வண்டியும் அடிப்படையில ஒரே பிளாட்ஃபார்ம். அடியில இருக்கிற எலும்புக்கூடு ஒண்ணு, மேல போட்ட சட்டைதான் வேற. சி-கிளாஸ் நீளம் 4,751 மில்லிமீட்டர். ஜி.எல்.சி 4,716. அதாவது "பெரிய வண்டி"ன்னு நாம நினைக்கிறது நீளத்துல சின்ன வண்டி! ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம் ஜி.எல்.சிக்கு 23 மில்லிமீட்டர் அதிகம். ஒரு கட்டைவிரல் அகலம். உயரம் மட்டும் ஒரு இருபது சென்டிமீட்டர் கூட, எடை சுமார் கால் டன் கூட, விலை பத்துப் பதினைந்து லட்சம் கூட. டிக்கி 455 லிட்டருக்குப் பதிலா 620 லிட்டர்.

இதை ஒரு தாள்ல எழுதி மாமாகிட்ட காட்டினேன். "அப்ப இவ சொல்றது இருபது சென்டிமீட்டருக்குப் பதினைந்து லட்சமா? சென்டிமீட்டருக்கு எழுபத்தஞ்சாயிரம்"னார். பனியன் கம்பெனிக்காரர், மீட்டர் கணக்குதான் வரும் :-)

இன்னொரு விஷயம், எஸ்யூவின்னா என்னன்னு நம்ம ஊர்ல வரிக்காரங்க ஒரு விளக்கமே வெச்சிருந்தாங்க. நீளம் நாலு மீட்டருக்கு மேல, இன்ஜின் 1,500 சிசிக்கு மேல, தரையிலேர்ந்து அடிப்பாகம் 170 மில்லிமீட்டருக்குக் குறையாம. அந்த மூணும் சேர்ந்தா செஸ் 22 சதவீதம், பெரிய செடானுக்கு 20. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து செஸ்ஸே போயி ரெண்டுக்கும் 40 சதவீத ஜிஎஸ்டின்னு ஆயிடுச்சு. ஆக வரியில இப்ப ரெண்டும் ஒண்ணுதான். மாமாவோட ஒரு வாதம் அதுல அடிபட்டுப் போச்சு.

அக்காவோட வாதம் ஒரே வார்த்தை: பாதுகாப்பு. உயரமா இருக்கு, கனமா இருக்கு, அதனால பாதுகாப்பு. நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. பாதி சரி. கனமான வண்டியும் லேசான வண்டியும் நேருக்கு நேர் மோதினா கனமான வண்டியோட வேகம் கம்மியாத்தான் மாறும். உள்ளே இருக்கிறவங்களுக்கு அடி குறைவு. ஆனா அவினாசி ரோட்டுல மாமாவுக்கு எதிரி மாருதி கார் இல்லையே, இருபத்தஞ்சு டன் லாரி. அதுக்கு முன்னாடி 1.7 டன்னும் 2 டன்னும் ஒண்ணுதான். இன்னொரு பக்கம், உயரம் கூடினா கவிழற வாய்ப்பும் கூடும். அமெரிக்காவுல இதுக்கு ஒரு சின்ன கணக்கு போடறாங்க. ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் இடையில இருக்கிற அகலத்தை எடுத்துக்கோங்க, அதைப் புவியீர்ப்பு மையத்தோட உயரத்தைப் போல ரெண்டு மடங்கால வகுங்க. எண் பெரிசா இருந்தா வண்டி தரையைக் கட்டிப் பிடிச்சுக்கும். அகலம் 1.6 மீட்டர்னு வெச்சுக்கிட்டு மையம் 55 சென்டிமீட்டர்ல இருந்தா 1.45. அதே மையம் 65-க்கு ஏறினா 1.23. பத்தே பத்து சென்டிமீட்டர்ல அவ்வளவு இறங்கிடுது. ஆனா இந்தக் காலத்து வண்டியில சறுக்கறப்போ ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியா பிரேக் பிடிக்கிற இ.எஸ்.சி இருக்கு. அமெரிக்காவுல 2012 மாடல்லேர்ந்து எல்லாக் கார்லயும் அது கட்டாயம். அதுக்கு அப்புறம் எஸ்யூவி கவிழற பயம் நிறைய குறைஞ்சுடுச்சு. ரெண்டு பென்ஸ்லயும் அது இருக்கு. அதனால அந்த வாதமும் சமன்.

இப்படி ஒவ்வொண்ணா அடிச்சுட்டு வந்தா கடைசியில மிஞ்சினது காரே இல்ல, சீட்டுதான். குழந்தை சீட்டைச் சொல்றேன்.

எங்க வீட்டுல அதுவரைக்கும் தம்பிப் பையன் அம்மா மடியிலதான் வருவான். "உங்களை எல்லாம் மடியில வெச்சுதான்டா வளர்த்தேன். நீ என்ன தேஞ்சா போயிட்டே?" அம்மா கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை, கணக்கு மட்டும் இருந்துச்சு. ஐம்பது கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி பத்துல ஒரு பங்கு செகண்டுல நின்னா, ஒன்பது கிலோ குழந்தை அந்தக் கணத்துல சுமார் 125 கிலோ இழுப்பு இழுக்கும். ரெண்டு சிமெண்ட் மூட்டைக்கும் மேல. அதைக் கையால பிடிச்சு நிறுத்த முடியுமா? அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் "சிமெண்ட் மூட்டைங்கறே குழந்தையைப் போயி"ன்னு எழுந்து போயிட்டாங்க.

ஒரு வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தையைப் பின்பக்கம் பார்த்தமாதிரி உட்கார வைக்கணும்ங்கிறதும் சும்மா சொல்றதில்லை. குழந்தையோட தலை உடம்புல நாலுல ஒரு பங்கு, கழுத்து இன்னும் இறுகாத எலும்பு. முன்னாடி பார்த்து உட்கார்ந்திருந்தா மோதல்ல தலை மட்டும் முன்னாடி போகும். திரும்பி உட்கார்ந்திருந்தா முதுகு, தலை, கழுத்து மூணும் சேர்ந்து சீட்டுல அழுந்தும். ஸ்வீடன்ல பெர்ட்டில் ஆல்ட்மன்ங்கிற பேராசிரியர் 1960-கள்ல ஜெமினி விண்வெளி வீரர்கள் கிளம்பும்போது எப்படிப் படுத்திருக்காங்கன்னு பார்த்துதான் இந்த யோசனைக்கு வந்தாராம். 1964-ல வோல்வோவோட சேர்ந்து முதல் மாதிரி செஞ்சாங்க. அந்த ஊர்ல நாலு வயசு வரைக்கும் கூட திருப்பியே உட்கார வைக்கிறாங்க. நம்ம ஊர்லயும் சட்டம் இருக்கு. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்போ, பதினாலு வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம வந்தா ஆயிரம் ரூபாய் அபராதம்னு சேர்த்தாங்க. யாராவது கட்டி நான் பார்த்ததில்லை.

"பின்சீட்டுல பெல்ட் எதுக்கு"ன்னு கேக்கறவங்களுக்கு 2022 செப்டம்பர்ல சைரஸ் மிஸ்திரி இறந்ததைச் சொன்னா போதும். அதுவும் ஒரு சொகுசு எஸ்யூவிதான். முன்னாடி இருந்த ரெண்டு பேர் பிழைச்சாங்க, பின்னாடி பெல்ட் போடாம இருந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. மாமா இந்தச் செய்தியை ஞாபகம் வெச்சிருந்தார். அன்னைக்கே தம்பிப் பையனுக்கு ஒரு சீட் வாங்கிட்டோம், கார் வாங்கறதுக்கு முன்னாடியே.

அந்த சீட்டைத் தூக்கிக்கிட்டு ஷோரூமுக்குப் போனோம். இதை யாரும் செய்யறதில்லை போல. சேல்ஸ் பையன் சன்ரூஃபைத் திறந்து காட்டினான், அறுபத்தி நாலு கலர்ல எரியற லைட்டைக் காட்டினான். ஐசோஃபிக்ஸ் கொக்கி எங்கேன்னு கேட்டா சீட் இடுக்குல கையை விட்டு ஐந்து நிமிஷம் துழாவினான். கடைசியில பாப்பாதான் கண்டுபிடிச்சா. சின்னக் கை, உள்ளே போச்சு.

மாட்டிப் பார்த்ததும் நிறைய விஷயம் தானா தெரிஞ்சது. பின்னாடி பார்க்கிற சீட்டுக்கு நிறைய இடம் வேணும். அதை மாட்டினா முன் சீட்டைத் தள்ளி வைக்கணும். ரெண்டு வண்டியிலயும் தள்ள வேண்டியிருந்தது. அந்தக் கட்டைவிரல் அகலம் பெரிசா உதவலை. ஆனா குழந்தையை உள்ளே வைக்கிறதுலதான் வித்தியாசம். சி-கிளாஸ்ல அக்கா பையனைத் தூக்கிக்கிட்டுக் குனிஞ்சா, தலை கூரையில இடிக்காம இன்னும் குனிஞ்சா, அப்புறம் அந்த வளைஞ்ச நிலையிலேயே ஒன்பது கிலோவை முன்னாடி நீட்டி சீட்டுக்குள்ளே இறக்கினா. நிமிரும்போது வயித்துல கை வெச்சுக்கிட்டா. ஒண்ணும் சொல்லலை. ஜி.எல்.சியில நின்ன இடத்துலேர்ந்தே, கிட்டத்தட்ட மேஜை மேல வைக்கிறமாதிரி வெச்சா. ஒரு நாளைக்கு நாலு தடவை, ஒரு வருஷத்துக்கு எத்தனை தடவைன்னு பெருக்கிப் பாருங்க. மாமா அதைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தார். அவரும் ஒண்ணும் சொல்லலை. அந்த ஒரு நிமிஷத்துல முடிவு ஆயிடுச்சுன்னு எனக்கு இப்பத் தோணுது. அப்புறம் நடந்த பேச்செல்லாம் சும்மா.

சி-கிளாஸுக்கும் நியாயம் செய்யணும். பாப்பா அதுல தானே ஏறினா, யாரும் தூக்க வேண்டியதில்லை. ஜி.எல்.சியில மட்டைப்பந்து ஆடற மாதிரி காலை வீசி முயற்சி பண்ணி, முடியாம "மாமா தூக்கு"ன்னா. ஓடும்போதும் செடான்தான் அமைதி. டெஸ்ட் டிரைவ்ல பையன் தூங்கினது அதுலதான்.

அம்மாவுக்கு? முட்டி வலி. செடான்ல உட்கார்றது கிணத்துல இறங்கற மாதிரி, எழறது கிணத்துலேர்ந்து ஏறற மாதிரின்னாங்க. உயரமானதுல இடுப்பு உயரத்துக்கே சீட் இருக்கு, ஒரு கைப்பிடி போதும். ஆனா அடுத்த கேள்வியை அவங்கதான் கேட்டாங்க. "எல்லாம் சரி, ரெண்டு குழந்தைக்கும் ரெண்டு ஓரத்துல சீட் போட்டா நான் எங்கே உக்கார்றது?"

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். நடுவுல இருந்த இடைவெளியை சாண் வெச்சு அளந்தேன். ஒரு சாண் கூட முழுசா இல்ல. கீழே பார்த்தா பின் சக்கரத்துக்குப் போற தண்டு ஓடறதுக்கு ஒரு மேடு வேற, முட்டி வலிக்காரங்க காலை எங்கே வைக்கிறது? ரெண்டு வண்டியிலயும் அதே கதைதான். எழுபது லட்ச ரூபாய் வண்டியில அம்மிச்சிக்கு இடமில்லை. அக்கா அன்னைக்கே இன்னோவா பார்க்கலாமான்னு கேட்டா. மாமா முகத்தைப் பார்த்து அவளே விட்டுட்டா. (விமான நிலையத்துல எல்லாரும் பையை நீட்டுவாங்களாம்.)

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில. ரெண்டாவது தடவையா ஷோரூமுக்குப் போறதா இருந்தது. அக்கா பையனைக் குளிப்பாட்டிக்கிட்டிருந்தா. "பாப்பாவைப் பிடிச்சுக்கோடா, மாமா வண்டியை வெளியே எடுக்கறார்"னு உள்ளேயிருந்து குரல் கொடுத்தா. நான் போர்டிகோ படியில உட்கார்ந்திருந்தேன். "சரி"ன்னேன். கையில போன். ரெண்டு வண்டியோட மோதல் சோதனை வீடியோ பார்த்துக்கிட்டிருந்தேன், நிஜமாத்தான். பாப்பா பக்கத்துல இருந்தா. ஒரு கால்ல செருப்பு இருந்துச்சு.

மாமா கண்ணாடியைப் பார்த்தார். மூணு கண்ணாடியும் பார்த்தார், அவர் எப்பவும் பார்ப்பார். ரிவர்ஸ் போட்டார். இன்னொரு செருப்பு வண்டிக்குப் பின்னாடி கிடந்துச்சு. பாப்பா போய் அதுக்கிட்ட குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வாரை மாட்டிக்கிட்டிருந்தா. எனக்கு அது தெரியாது. துணி எடுத்துக்கிட்டிருந்த அம்மாவுக்குத்தான் தெரிஞ்சது. "மாப்பிள்ளை நிறுத்துங்க! நிறுத்துங்க!"ன்னு அவங்க போட்ட சத்தம் இருக்கே, இன்னும் கேக்குது.

வண்டி நின்னுச்சு. பம்பருக்கும் பாப்பா தலைக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருக்கும். அவளுக்கு ஒண்ணுமே தெரியலை. அம்மிச்சி கத்தினதுக்குத்தான் அழுதா. அம்மா அவளைத் தூக்கி முதுகுல ஒண்ணு வெச்சு, உடனே கட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. மாமா கதவைத் திறந்தவர் இறங்கலை. ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே இருந்தார். அன்னைக்கு யாரும் ஷோரூமுக்குப் போகலை. அக்கா வெளியே வந்து என்னாச்சுன்னு கேட்டப்போ "ஒண்ணுமில்லை, நாய் குறுக்கே வந்துச்சு"ன்னு சொன்னது நான்தான்.

மூணு வாரம் எழுதாததுக்குக் காரணம் இதுதான்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம இதைப் பத்தியே படிச்சேன். 2002-ல நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட்ல ஒரு குழந்தை மருத்துவர் தன் வீட்டு வாசல்லயே எஸ்யூவியைப் பின்னாடி எடுத்தப்போ, வீட்டுக்குள்ளே இருக்கான்னு நினைச்ச ரெண்டு வயசு மகன் பின்னாடி நின்னிருக்கான். அந்தப் பையன் பேர்ல 2008-ல ஒரு சட்டம் வந்தது. அது பிடிச்ச பிடியிலதான் 2018 மே மாசத்துலேர்ந்து அமெரிக்காவுல விக்கிற எல்லாப் புதுக் கார்லயும் பின்பக்கக் கேமரா கட்டாயம் ஆச்சு. நம்ம ஊர்ல 2019 ஜூலையிலேர்ந்து புதுக் கார்ல ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். மாமா வண்டி 2013. அதுல எதுவும் கிடையாது.

அடுத்த வாரம் ஷோரூமுக்குப் போனப்போ கிரிக்கெட் ஸ்டம்ப் ஒண்ணு எடுத்துட்டுப் போனேன். ஸ்டம்ப் உயரம் 28 இன்ச். இப்பத்தான் நிக்கப் பழகின குழந்தையோட உயரம். மாமாவை டிரைவர் சீட்டுல உட்கார வெச்சு, முன்னாடி ஸ்டம்பை நட்ட மாதிரி பிடிச்சுக்கிட்டு, "தெரியுதா, தெரியுதா"ன்னு ஒவ்வொரு அடியா பின்னாடி போனேன். செடான்ல ஆறடி தூரத்துல நுனி தெரிஞ்சது. எஸ்யூவியில எட்டரை அடி. பின்பக்கம் கேமராவை மூடிட்டுப் பார்த்தா ரெண்டும் மோசம். செடான் டிக்கி மேடா இருக்கிறதால பதினாலு அடி, எஸ்யூவி பதினஞ்சு. அதாவது கேமரா இல்லேன்னா, ஒரு எல்கேஜி வகுப்பையே பின்னாடி உட்கார வெச்சாலும் டிரைவருக்குத் தெரியாது. குத்துக்கால் போட்டு உட்கார்ந்த குழந்தை ஸ்டம்பை விடக் குள்ளம். ஷோரூம்காரங்க எங்களைப் பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க. மாமா மட்டும் ஒவ்வொரு அளவையும் போன்ல குறிச்சுக்கிட்டார்.

உயரமான மூக்கு இருக்கிற வண்டி தெருவுல நடக்கிறவங்களுக்கும் ஆபத்துன்னு அமெரிக்காவுல ஐ.ஐ.ஹெச்.எஸ்-ங்கிற அமைப்பு 2023-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பானெட் 40 இன்ச்சுக்கு மேல இருந்தா, 30 இன்ச்சும் அதுக்குக் கீழேயும் இருக்கிற சரிவான வண்டிகளை விட அடிபட்டவங்க இறக்கிற வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகமாம். ஜி.எல்.சி அந்த அளவு ராட்சசன் இல்ல. இருந்தாலும் அக்கா சொன்ன "பாதுகாப்பு" உள்ளே இருக்கிற குழந்தைக்கு மட்டும்தான்னு எனக்கு அப்பத்தான் உறைச்சது. வெளியே இருந்தது நம்ம பாப்பாவேதானே.

கடைசியில ஜி.எல்.சிதான் எடுத்தாங்க. நான் "செடானும் 360 டிகிரி கேமராவும், மிச்ச பணத்தை எஃப்டியில போடுங்க"ன்னு சொன்னேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டும்னு மாமா சொன்னதை ஒத்துக்கறேன். மழைக்காலத்துல லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில தண்ணி நிக்கும்னு அக்கா சொன்னதை ஒத்துக்கலை. பஸ்ஸே மாட்டிக்கிற இடத்துல இருபது சென்டிமீட்டர் என்ன செய்யும்? ஆனா அந்த சீட்டுல பையனை வைக்கப் போறது நான் இல்ல. வயித்துல தையல் போட்டதும் எனக்கு இல்ல.

வண்டி வர்றதுக்கு முன்னாடியே வீட்டுல ஒரு தச்சர் வந்தார். வாசக் கதவுல ஐந்தடி உயரத்துல ஒரு தாழ்ப்பாள் வெச்சுட்டுப் போனார். அக்கா வரவழைச்சிருக்கா. அதைப் பார்த்தப்போதான் எனக்கு சந்தேகம் வந்துச்சு. ராத்திரி அவகிட்ட நடந்ததை முழுசா சொன்னேன். துணி மடிச்சுக்கிட்டே கேட்டா. "தெரியும்டா. அம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க. நீ எப்ப சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்"னா. திட்டுவான்னு நினைச்சேன். மடிச்ச துணியை என் கையில கொடுத்து பீரோவுல வைக்கச் சொன்னா. எழுதட்டுமான்னு கேட்டேன். "எழுது, பேர் போடாதே"ன்னா.

ஸ்விஃப்ட்டைக் கொடுத்தா எக்ஸ்சேஞ்சுல கொஞ்சம் குறைச்சிருப்பாங்க. மாமா கொடுக்கலை. அதுக்குப் பின்னாடி கேமரா ஒண்ணு மாட்டிட்டார். அம்மிச்சி போறதுக்கு அதுதான் வண்டி, டிரைவர் நான்.

போன வாரம் எல்லாரும் வால்பாறை போனோம். பென்ஸ் முன்னாடி, ஸ்விஃப்ட் பின்னாடி. ஆழியார்லேர்ந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. உயரமான வண்டி திரும்பறப்போ உடம்பு சாயறது பின்னாடியிலேர்ந்தே நல்லாத் தெரிஞ்சது. கண்ணு ஒண்ணு சொல்ல, காது வேற ஒண்ணு சொன்னா குழந்தைக்கு வயித்தைப் பிரட்டும்னு படிச்சிருக்கேன். பையனுக்கு ஒண்ணுமில்லை, ரெண்டு வயசுக்குக் கீழே அவ்வளவா வராதாம். பாப்பாதான். ஒன்பதாவது வளைவுல, லோம்ஸ் வியூ கிட்ட பென்ஸ் ஓரம் கட்டுச்சு. நான் இறங்கிப் போறதுக்குள்ளே எல்லாம் முடிஞ்சிருந்தது. புது லெதர், கார்ப்பெட், அக்கா புடவை.

"நான் அம்மிச்சி வண்டியில வர்றேன்"னு பாப்பா அழுதா. மாமா மறுபேச்சு பேசலை. அவ சீட்டைக் கழற்றி ஸ்விஃப்ட்ல பெல்ட் போட்டு மாட்ட எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு. அதுவரைக்கும் அக்கா ஈரத்துணியால கார்ப்பெட்டைத் துடைச்சுக்கிட்டிருந்தா. மாமா பாப்பா கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, பாறை மேல நின்ன வரையாட்டைக் காட்டிக்கிட்டிருந்தார். இன்னும் முப்பத்தோரு வளைவு இருந்துச்சு.